வால்பர்க் ஓடையில் பக்கத்துப் படகோடு வம்பு: உங்களுக்கும் நடந்திருக்கா?

வாடைக்காற்று:
ஐ.சி.டபிள்யூ-வில் (அமெரிக்கக் கிழக்குக் கரையோர உள்நீர்வழி) தெற்கே போனவர்களுக்கு ஜார்ஜியா ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதை, விளக்க வேண்டாம். நவம்பர், அங்கே வால்பர்க் ஓடையில் நங்கூரம் போட்டோம். வற்றத்தில் (ஓதம் இறங்கும்போது) ஆழம் 12 அடி, ஓதம் ஏறுவது 8, அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 4, ஆக 24. அதன் ஐந்து மடங்குக்கு 120 அடி நங்கூரச் சங்கிலி. கணக்கு சரிதான். முன்பே நின்ற முழுநீளக் கீல் (படகின் அடியில் நீருக்குள் இறங்கும் பகுதி) படகும் அதே அளவு விட்டிருந்தது. இரண்டும் ஒன்றுபோலத் திரும்பும் என்று நினைத்ததுதான் தப்பு.

ராத்திரி ரெண்டு மணி. வற்றம் ஒரு பக்கம் இழுக்குது, அதற்கு நேர் எதிரே 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) காற்று. முழுக்கீல் படகு நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்க, ஃபின் கீலும் (நீளம் குறைந்த கீல்) உயரமான பக்கச்சுவரும் உள்ள எங்கள் படகு காற்றுக்கு முகம் கொடுத்துத் தன் சங்கிலியைத் தாண்டியே வந்துவிட்டது. இரண்டு படகின் பின்பக்கமும் நாலடி இடைவெளியில். அந்தப் படகுப் பெரியவர், எழுபது வயதிருக்கும், தலையில் விளக்கும் கையில் ஃபெண்டருமாக (மோதல் தாங்கும் மெத்தை) நின்றார். சத்தமே போடவில்லை. "நான் சுக்கானைத் திருப்பிக் கட்டறேன், நீங்க 30 அடி சங்கிலி எடுங்க" என்றார், அவ்வளவுதான்.

நங்கூரத்தில் நிற்கிற படகின் சுக்கானும் வேலை செய்யும் என்பது அப்போதுதான் உறைத்தது. 2 நாட் நீரோட்டம் ஓடினால், படகு 2 நாட்டில் போவதாகத்தான் சுக்கானுக்குக் கணக்கு. முழுக்கத் திருப்பிக் கட்டியதும் அவர் படகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஒதுங்கியது. நீரோட்டம் நிற்கிற நேரத்தில் இது பலிக்காது.

பிந்தி வந்தவர்தான் நகர வேண்டும் என்பது வழக்கம். அதை அவர் வாயே திறந்து சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

கச்சான்:
இதுக்குத்தான் ரெண்டு நங்கூரம் போடணும்கிறது. பஹாமியன் மூர். முதல் நங்கூரத்தை நீரோட்டம் வரும் பக்கம் போடுங்க. வேணும்கிற நீளத்துக்கு ரெண்டு மடங்கு விட்டுப் பின்னால போங்க. அங்க ரெண்டாவதைப் போட்டுட்டு, முதலாவதைப் பாதி இழுத்து நடுவுக்கு வாங்க. ரெண்டையும் அணியத்துலதான் கட்டணும். ஒண்ணைப் பின்பக்கம் கட்டினா படகு குறுக்கே மாட்டிக்கும். ரெண்டாவது கயிறா இருந்தா 10 பவுண்டு எடை ஒண்ணைக் கட்டி இறக்குங்க, இல்லேன்னா ஓதம் திரும்பும்போது கீலிலோ புரொப்பெல்லரிலோ சுத்திக்கும். ஓதம் திரும்பினாலும் படகு தன் நீளத்துக்குள்ளயே சுத்தும். பக்கத்துப் படகு எங்க போனா உங்களுக்கென்ன?

இரண்டு ரீஃப்:
கச்சான் அண்ணே, எல்லாரும் ஒற்றை நங்கூரத்தில் சுற்றுகிற இடத்தில் நீங்க மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நின்னா, சுற்றி வர்றவன் உங்க மேலதான் வந்து விழுவான். ஒரு நாளைக்கு நாலு தடவை ஓதம் திரும்புது. படகு ஒரே பக்கமாகத் திரும்பிக்கிட்டே இருந்தா சங்கிலியும் கயிறும் பின்னல் போட்டிருக்கும். காலையில் கிளம்புகிற அவசரத்தில் அதைப் பிரிச்சுப் பாருங்க. ஓடை குறுகலாக இருந்து, பக்கத்தில் யாரும் இல்லையென்றால் மட்டும் அது சரி. மற்றபடி வந்ததும் பக்கத்துப் படகைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி: எத்தனை அடி விட்டிருக்கீங்க, சங்கிலியா கயிறா? கயிற்றில் நிற்கிற படகு காற்றுக்கு அலையும்.

என்னுடையது லிட்டில் மட் ரிவர். இறங்கு ஓதத்தில் சேற்றில் உட்கார்ந்தாச்சு. 8 அடி ஓதம் என்றால் முதல் மணியில் 8 அங்குலம், இரண்டாவதில் 16, மூன்றாவதில் 24 அங்குலம் தண்ணீர் போயிடும். ஆக, கையில் இருப்பது முதல் 15 நிமிடம். எதிரே வந்த கெட்ச்சிலிருந்து (இரண்டு பாய்மரம் உள்ள படகு) ஒரு அம்மா டிங்கியில் (சின்னத் துணைப்படகு) வந்தாங்க, பேச்சே இல்லை, நேரே "ஸ்பின்னக்கர் ஹேலியார்ட் குடுங்க". ஸ்பின்னக்கர் என்ற முன்பாயைப் பாய்மர உச்சிக்குத் தூக்குகிற கயிறு அது; அதை டிங்கியிலிருந்து பக்கவாட்டில் இழுத்தால் படகு சாயும், கீல் சேற்றை விட்டு எழும்பும். மெயின் ஹேலியார்டை (பெரிய பாயைத் தூக்குகிற கயிறு) நீட்டினதும் தலையாட்டி மறுத்துட்டாங்க. அதன் கப்பி முன்-பின்னாகத்தான் ஓடும், பக்கவாட்டில் இழுத்தால் கயிறு கப்பியை விட்டு நழுவி இறுகிப்போகும். ஸ்பின்னக்கர் கப்பி எந்தப் பக்கமும் திரும்பும்.

25 டிகிரி சாய்ந்தால் ஐந்தரை அடி ஆழம் இறங்குகிற கீல் ஏறக்குறைய 5 அடியாகிடும். இன்ஜினுக்குத் தண்ணீர் எடுக்கிற வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயணும், இல்லேன்னா காற்றை உறிஞ்சும். வெளியே வந்ததும் முதல் வேலை ஸ்ட்ரெய்னரைத் (அந்தத் தண்ணீரின் வடிகட்டி) திறப்பது. கால்வாசி சேறு.

பழவேற்காடு பையன்:
ஓதமே இல்லாத இடத்திலும் வம்பு உண்டு. அலிகேட்டர் ரிவர் – பங்கோ கால்வாய். கோடு போட்ட மாதிரி நேராக ஓடும், கரையோரம் முழுக்க மூழ்கிய மரக்கட்டைகள், ஒதுங்க இடமில்லை. பின்னால் வந்த டிராலர் (இன்ஜின் படகு) ரேடியோவில், "டூ விசில்ல தாண்டறேன்". அப்படின்னா நம் இடப்பக்கமாகத் தாண்டுகிறார், நாம் வலப்பக்கம் ஒதுங்கணும். முன்னால் போன பாய்மரப் படகு "சரி" என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்பியது! டிராலர் முழு ரிவர்ஸ் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு. புரியலைன்னா "எந்தப் பக்கம்?" என்று கேளுங்க, கௌரவம் ஒன்றும் போயிடாது.

ஸ்லோ பாஸில் (அலை எழுப்பாமல் மெதுவாகத் தாண்டவிடுவது) பாதிப் பேர் செய்கிற தப்பு, வேகத்தைக் குறைக்காமல் 6 நாட்டிலேயே போறது. அப்போ தாண்டுகிறவர் 8, 9-க்கு ஏறியாகணும், அலை எழும்பத்தான் செய்யும். நீங்க 3 நாட்டுக்கு இறங்கினா அவர் 5-ல் அலையில்லாமல் போயிடுவார். அவர் பின்பக்கம் உங்க அணியத்தைத் தாண்டியதும் அவருக்கு நேர் பின்னால் திரும்பிடுங்க, அங்கேதான் தண்ணீர் சமமா இருக்கும்.

(பாலத்தைத் திறக்கச் சொல்லி ரேடியோவில் கூப்பிட வட கரோலைனா வரை சேனல் 13, தென் கரோலைனாவிலிருந்து 9. மாற்ற மறந்துட்டு, பாலம் பதில் சொல்லலைன்னு திட்டுறவங்க நிறைய.)

கச்சான்:
பின்னல் விழுந்தா ஸ்விவெல் (சுழலும் இணைப்பு) போட்டுக்கலாமே, இரண்டு ரீஃப் தம்பி.

இரண்டு ரீஃப்:
ஸ்விவெல் ஒரு சங்கிலியின் முறுக்கைத்தான் எடுக்கும். ரெண்டு ஒண்ணோடொண்ணு சுத்திக்கிட்டதை எடுக்காது.

வாடைக்காற்று:
அன்றைக்கு ரெண்டாவது நங்கூரம் காக்பிட் லாக்கரின் அடியில் கிடந்தது, விடுங்க. இன்னொரு தொல்லையைச் சொல்ல மறந்தேன். 30 அடி எடுங்க என்றார் இல்லையா, அடி அளவு தெரியச் சங்கிலியில் அடித்த பெயின்ட் இருட்டில் தெரியவே இல்லை, குத்துமதிப்பாகத்தான் எடுத்தோம். இப்போது 25 அடிக்கு ஒரு கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டு), 50-க்கு இரண்டு, 75-க்கு மூன்று. வால் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் விரலாலேயே எண்ணலாம். விண்ட்லாஸிலும் (சங்கிலியை இழுக்கும் எந்திரம்) மாட்டுவதில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை அறுந்ததை மட்டும் மாற்றணும்.