எண்ணூர்ச் சேற்றுக் கோர்: எக்ஸ்ஆர்எஃப் ஸ்கேனில் ஈயம் ஏறுவது நிஜமா?

முகத்துவாரத்தான்:
எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காகச் சித்தப்பா படகில் போய், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் பிவிசி குழாயைச் சேற்றில் இறக்கி, அடுக்கு கலையாத சேற்றுத் தண்டாக (அதுதான் கோர்) எடுத்தோம். நெடுக்காகப் பிளந்தால் கீழே பச்சை கலந்த களிமண், மேலே 20 செ.மீ. கறுப்பாக, கூழ் மாதிரி. எக்ஸ்ரே பாய்ச்சித் தனிமங்களைப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் ஸ்கேனில் அந்தக் கூழில் அலுமினியமும் சிலிக்கானும் விழுகின்றன, துத்தநாகமும் ஈயமும் ஏறுகின்றன, களிமண் அளவோடு ஒப்பிட அலுமினியத்தால் வகுத்தால் ஏற்றம் இன்னும் பயங்கரம். வீட்டில் இந்த ஆற்று இறாலைத்தான் சாப்பிடுகிறோம், தப்பாக எதையும் சொல்லிவிடக் கூடாது. யாராவது சொல்லுங்கள்.

களிமண்:
தம்பி, முதலில் அலுமினியத்தால் வகுப்பதை விடுங்கள். அலுமினியம் வெளிவிடும் எக்ஸ்ரேயின் ஆற்றல் வெறும் 1.5 கிலோஎலக்ட்ரான்வோல்ட், ஸ்கேனுக்காகக் கோரின் மேல் மூடிய மெல்லிய படலத்துக்கு அடியில் தேங்கும் துளி நீரே அதை விழுங்கிவிடும். ஈயத்தின் கோடு, அதாவது ஸ்கேனில் அதன் எக்ஸ்ரே தெரியும் இடம், 10.5, அது பெரும்பாலும் தப்பி வந்துவிடும். அப்போ கூழ் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வகுக்கும் எண் சிறுத்து, விடை தானாகவே வீங்கும். படலத்துக்கு அடியில் காற்றுக்குமிழி இருந்ததா? கண்ணாடித் துண்டால் மேற்பரப்பை மட்டமாகச் சீவிவிட்டு இன்னொருமுறை ஓட்டுங்கள்.

மணலிஅக்கா:
டைட்டானியத்தால் வகுக்கலாம் என்பார்கள், ஆனால் அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்குமே, சாம்பலிலும் டைட்டானியம் உண்டு. ஒரு சிட்டிகைச் சேற்றை மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள், கண்ணாடி மணி போல உருண்டைகள் தெரிந்தால் அது சாம்பல்தான். ரூபிடியம் பரவாயில்லை, களிமண்ணோடு வரும், ஈயத்துக்குப் பக்கத்து ஆற்றல்தான். அப்புறம் ஒன்று: ஆர்சனிக்கின் முதல் கோடும் ஈயத்தின் முதல் கோடும் ஒரே இடத்தில் விழும். ஈயத்தின் 12.6 கோட்டையும் பார்த்துவிட்டுத்தான் ஈயம் என்று எழுத வேண்டும்.

முகத்துவாரத்தான்:
அக்கா, சீவிவிட்டு மறுபடி ஓட்டி, ரூபிடியத்தால் வகுத்தேன். ஏற்றம் பாதியாகிவிட்டது, ஆனால் 12 செ.மீ.க்கு மேலே ஈயம் நிற்கிறது, 12.6 கோட்டிலும் தெரிகிறது. உருண்டைகளும் இருக்கின்றன, ஏராளமாக.

களிமண்:
சரி, நல்ல வேலை. இனி அந்த 12 செ.மீ.க்கு மேலும் கீழுமாகப் பத்து துண்டு வெட்டி, காயவைத்து, அமிலத்தில் கரைத்து, தனிமங்களின் அளவைத் துல்லியமாகச் சொல்லும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளக்கக் கொடுங்கள். ஸ்கேன் தருவது எண்ணிக்கை மட்டும், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று அதில் வராது. இறாலைப் பற்றி இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இறால் சதையைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். சித்தப்பா பிடிக்கும்போது நாலு இறாலை ஐஸில் எடுத்து வையுங்கள்.