டாம்கேட் 10.1: விண்டோஸ், உபுண்டு இரண்டுக்கும் ஒரே ஜேவிஎம் அமைப்பு வைப்பது எப்படி?

நண்பர்களே, டாம்கேட் (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர்) இரண்டு இடத்தில் ஓடுகிறது. ஒரே வார் கோப்பு (ஆப் முழுவதும் அடங்கிய பொதி), ஒரே ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்), ஜாவா 17. ஒரு சர்வர் விண்டோஸ், மற்றது உபுண்டு 24.04 (ஆப்ட் வழியாகப் போட்ட டாம்கேட்). ஜகார்த்தா பெயர் மாற்றம் (ஜாவாஎக்ஸ் பேக்கேஜ் பெயர்களை ஜகார்த்தா ஆக்குவது) முடிந்தது, அதை விட்டுவிடலாம்.

விண்டோஸில் சர்வீஸாக ஓடும்போது செட்என்வ் கோப்பை (ஜேவிஎம் அமைப்புகளை எழுதும் ஸ்கிரிப்ட்) டாம்கேட் படிப்பதே இல்லை. அதனால் கோப்பில் எழுதும் தமிழ் முழுக்க கேள்விக்குறியாகிறது. ஜாவா 17 அங்கே யூடிஎஃப்-8ஐத் தானாக எடுக்காது. ஃபைல்.என்கோடிங் (எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும்) வரியைச் சர்வீஸ் அமைப்பின் ஜாவா தாவலில் கையால் சேர்த்தால் சரியாகிறது. உபுண்டுவில் அதே வரி /எட்ஸி/டிஃபால்ட்/டாம்கேட்10 கோப்பில், ஜாவா_ஆப்ட்ஸில்.

உபுண்டுவில் அப்லோடு ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்தும் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றது. பெர்மிஷன் அல்ல, சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் நிரல்) போடும் பூட்டு. சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாக ரீட்ரைட்பாத்ஸில் (எழுத அனுமதிக்கும் பாதைகளின் பட்டியல்) அந்தப் பாதையைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்ததும் தீர்ந்தது. 777ஐயும் எடுத்தாச்சு.

இனி கேள்வி: இரண்டையும் ஒரே அன்சிபிள் (சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி) ப்ளேபுக்கில் அடக்க வேண்டும். விண்டோஸில் //யூஎஸ்// (சர்வீஸ் அமைப்பைப் புதுப்பிக்கும்) கட்டளையோடு ++ஜேவிஎம்ஆப்ஷன்ஸ் (பட்டியலில் வரி சேர்ப்பது) கொடுத்தால், ப்ளேபுக் ஓடும் ஒவ்வொரு முறையும் அதே வரி மறுபடி சேருமா? --ஜேவிஎம்ஆப்ஷன்ஸ் பழைய பட்டியலையே தூக்கிவிடும் என்பதால் தயக்கம். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) நேரடியாக எழுதுபவர்கள் யாராவது இருந்தால், மாதிரி டாஸ்க் ஒன்று போடுங்கள்.