காப்புறுதிக் கொப்பி காட்டினால் போதுமா?

நீர்வேலியான்:
எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர் சங்கம் 2 மாடிக் கட்டடம் கட்டுகிறது. வேலை தொடங்குமுன் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதிக்கு ஆதாரம் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கொந்தராத்துக்காரர் ஒற்றைப் பக்கப் போட்டோக்கொப்பி ஒன்றைத் தந்துவிட்டு அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார். அந்தக் கொப்பியில் வேலைத்தலம் கிளிநொச்சி, வேலை வீதித் திருத்தம், ஆட்கள் 12. இங்கே காலையில் மண்வெட்டியோடு நிற்பவர்கள் 20க்கு மேல். கமிற்றியில் பாதிப் பேர் "கொப்பி இருக்குத்தானே, விடுங்கோ" என்கிறார்கள். விடக்கூடாது என்பது என் கட்சி.

கொக்குவில் கொந்தராத்து:
விடுங்கோ அண்ணை. மேசன் இன்றைக்கு வருவான், நாளைக்கு இணுவிலில் பிளேட் கொங்கிறீற் என்றால் அங்கே போய்விடுவான். கூலியாட்களைக் காலையில் சந்தியில்தான் ஏற்றி வருகிறோம். இவர்களுடைய பெயரையெல்லாம் எழுதித் தினமும் காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பவா? நாட்கூலியாளுக்குத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமே பொருந்தாது. காப்புறுதி எடு என்று அதில் எங்கே சொல்லியிருக்கிறது? பில் காசை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிற கமிற்றிகளுக்குக் கடதாசியில் மட்டும் கண்டிப்பு.

பழைய பேரேடு:
காப்புறுதிக் கம்பனியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி சொன்னதில் ஒன்று சரி, காப்புறுதி எடு என்று சட்டத்தில் இல்லை. இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் பொறுப்பைத்தான் முதலாளியின் தலையில் வைக்கிறது. காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கொடுத்தே ஆகவேண்டும். அவருடைய கையில் காசு இல்லாவிட்டால் தொழிலாளி என்ன செய்வார் என்ற பயத்தில்தான் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வாசகம் போடுகிறோம். நீங்கள் கையெழுத்து வைத்த வாசகம் அது.

நாட்கூலிக் கதை பிழை. சட்டம் விலக்குவது, எப்போதாவது ஒருநாள் வந்து, முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலையைச் செய்பவரை. உங்கள் வீட்டு மாமரத்தின் கொப்பு வெட்ட வந்தவர் அதற்குள் அடங்கலாம். உங்களிடம் சாரம் கட்ட வந்தவர் அடங்கமாட்டார், கட்டடம்தானே உங்கள் தொழில்.

பெயர்ப் பட்டியலும் வீண் பயம். இந்தக் காப்புறுதியில் பிரீமியம் பெரும்பாலும் சம்பளக் கணக்கில்தான் போகும். வருட ஆரம்பத்தில் மதிப்பீடு, முடிவில் உண்மையாகக் கொடுத்த சம்பளம், வித்தியாசத்தைக் கட்டுவது அல்லது திரும்பப் பெறுவது. பின்னேரம் கூலி கொடுக்கும்போது சம்பளக் கொப்பியில் ஒரு வரி எழுதினால் போதும்.

கொக்குவில் கொந்தராத்து:
வாயால் சொல்வது சுகம். ஆட்களுக்கு விபத்துக் காப்புறுதி ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால் ஏற்பீர்களா?

பழைய பேரேடு:
ஏற்கமாட்டேன். அது வேறு. தனிநபர் விபத்துக் காப்புறுதி, பத்திரத்தில் எழுதிய தொகையை மட்டும் கொடுக்கும். கட்டளைச்சட்டப்படி உங்கள் மேல் விழுகிற தொகை சம்பளத்தையும் காயத்தையும் பொறுத்தது. 2005இல் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயாக இருந்த உச்சத்தொகை 2022 திருத்தத்தோடு 20 இலட்சமாகிவிட்டது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நடக்கும் விபத்தும் அந்தத் திருத்தத்தில் சேர்ந்தது. சந்தியில் ஏற்றி வருகிற உங்கள் லான்ட்மாஸ்டரை ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

சாரக்காரன் மகன்:
நடந்ததைச் சொல்கிறேன். அப்பா சாரத்தால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. முதலாளி ஆஸ்பத்திரிக் கட்டிலடிக்கே வந்து கொஞ்சக் காசு கொடுத்து, "இனி ஒரு கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் பெருவிரல் அடையாளம் வாங்கினார். அம்மா பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார், வாசித்துக் காட்ட ஆள் இல்லை. காப்புறுதி இருக்கு என்று முதலாளியும் அதுவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கம்பனியில் விசாரித்தபோது தவணைக் காசு கட்டாமல் அது எப்போதோ செத்துப்போயிருந்தது. எங்களுக்கும் ஒரு கொப்பி காட்டினவர்தான்.

பழைய பேரேடு:
அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை தம்பி. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்க வைக்கிற உடன்பாடு சட்டத்தின்முன் செல்லாது. ஆள் இறந்துவிட்டால் இன்னும் இறுக்கம்: காசை நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், அவர்தான் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பார். செத்தவீட்டில் மனைவியின் கையில் பொத்திக் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற முதலாளிமாருக்கு இது தெரிவதில்லை.

நீர்வேலியானுக்கு: கொப்பியை விடுங்கள், காப்புறுதி அட்டவணையைக் கேளுங்கள். காலம், வேலை வகை, வேலைத்தலம், அறிவித்த சம்பளத் தொகை எல்லாம் அதில்தான் இருக்கும். பணம் கட்டிய பற்றுச்சீட்டு கட்டாயம். வீதித் திருத்தத்துக்கு எடுத்ததை 2 மாடிக் கட்டடத்துக்கு நீட்டியதாகக் கம்பனி பத்திரத்தில் சேர்த்துத் தருகிற மேலெழுத்துக் குறிப்பு இல்லாமல் சாரம் ஏறவிடாதீர்கள். உயரத்து வேலைக்குக் கட்டணம் வேறு, அதை மறைத்து எடுத்திருந்தால் கோரிக்கை வரும்போது கம்பனி அதைத்தான் முதலில் பிடிக்கும். கம்பனிக்கு நீங்களே தொலைபேசி எடுத்துப் பத்திர இலக்கத்தைச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கனடாவில் இருந்து:
கோண்டாவிலில் வீடு கட்டுவிக்கிறேன், அண்ணர்தான் பார்க்கிறார். நானும் கேட்கவேண்டுமா?

பழைய பேரேடு:
முழுக் கொந்தராத்து என்றால் ஆட்கள் கொந்தராத்துக்காரருடைய ஆட்கள், ஆனாலும் முற்பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் தரமாட்டார்கள். அண்ணரே மேசனுக்கு நாட்சம்பளம் கொடுத்துக் கட்டுவிக்கிறார் என்றால் கதை வேறு, அதற்குத் தனியாக ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

கொக்குவில் கொந்தராத்து:
சரி, நான் ஒன்று கேட்கிறேன். இத்தனையும் எடுத்தால் விலை ஏறும். கேள்விப்பத்திரத்தில் குறைந்த விலைக்காரனுக்குத்தானே கொடுக்கிறீர்கள்? காப்புறுதி போட்டவன் தோற்றான், போடாதவன் வென்றான். இது எங்கள் குற்றமா?

நீர்வேலியான்:
அதில் நியாயம் இருக்கிறது. அடுத்த முறை காப்புறுதிக்குத் தனி வரி வைத்து விலை கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வேலைக்கு நேற்றுக் கடிதம் கொடுத்துவிட்டோம். நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையின் மாதிரி ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் எங்களுடையதை எழுதினோம். அவர் காப்புறுதியைக் காட்டாவிட்டால் நாங்களே எடுத்து, பிரீமியத்தை அவருடைய பில்லில் கழிக்கலாம் என்று அதில் இருக்கிறது. 14 நாள் தவணை. அதுவரை அத்திவாரத்துக்கு மேலே ஒரு கல்லும் வைக்கவேண்டாம் என்றிருக்கிறோம்.

கொக்குவில் கொந்தராத்து:
வேலையை நிறுத்தி வைக்கிற நாட்களுக்கு ஆட்களின் கூலியை எந்தப் பில்லில் கழிப்பீர்கள்?

நீர்வேலியான்:
வேலை தொடங்குமுன் காட்டவேண்டியதைக் காட்டாதவரின் பில்லில்.