இப்போக்ராட் படம்: ஈசிஜி எடுக்காமல் விட்டது அந்தப் பையன் தப்பா?

தஞ்சாவூர்க்காரி:
என் மகள் ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசியில் மருத்துவமனையில் பயிற்சி எடுப்பவள். போன ஞாயிறு நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்தவள், 2014-இல் வந்த 'இப்போக்ராட்' என்ற பிரெஞ்சுப் படத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். பாரிஸில் ஒரு மருத்துவமனை. அப்பா தலைமை மருத்துவராக இருக்கும் பிரிவிலேயே பெஞ்சமின் பயிற்சிக்குச் சேர்கிறான். ராத்திரி, குடிப்பழக்கம் உள்ள ஒருவர் வயிற்று வலி என்கிறார். ஈசிஜி மெஷின் ரிப்பேர். வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான். விடிவதற்குள் அவர் இறந்துவிடுகிறார். அப்புறம், ஈசிஜி எடுத்ததாகவே பொய் சொல்கிறார்கள்.

அந்த இடத்தில் மகள் தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வயிற்று வலிக்கு எதற்கு ஈசிஜி என்று கேட்டேன். பதிலே இல்லை. அனுபவமில்லாத பிள்ளையை ராத்திரியில் தனியாக விடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஹவுஸ் சர்ஜன்:
அம்மா, இதயத்தின் அடிப்பக்கச் சுவருக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு வந்தால் சிலருக்கு நெஞ்சு வலிக்காது. மேல் வயிறு எரியும், வாந்தி வரும். அதுவும் குடிப்பவர் என்றால் 'கேஸ்ட்ரைட்டிஸ்', அதாவது இரைப்பை அழற்சி என்று எழுதிவிடத் தோன்றும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மெடிசின் போஸ்டிங், ராத்திரி இரண்டு மணி. ஐம்பது வயதுக்காரர், மூச்சில் சாராய வாடை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல் ஊசி எழுதக் கையில் பேனா எடுத்துவிட்டேன். ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒன்றும் பேசாமல் பக்கத்து வார்டிலிருந்து மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். வியர்வையில் நெஞ்சில் ரப்பர் குமிழ்கள் ஒட்டவே இல்லை. துடைத்துத் துடைத்து ஒட்டினோம். தாள் வெளியே வந்ததும், இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற மூன்று வரைகோடுகளிலும் எஸ்டி பகுதி மேலே ஏறி நின்றது, அது மாரடைப்பின் அடையாளம். மேற்படிப்புப் படிக்கும் சீனியர் டாக்டரான பி.ஜி. அண்ணனை எழுப்ப ஓடினேன். அவர் பிழைத்தார். அந்த அக்கா வராமல் இருந்திருந்தால் நானும் பெஞ்சமின்தான். உங்கள் மகள் ஏன் பேசவில்லை என்று எனக்குப் புரிகிறது.

மெஷின் இல்லை என்றால் சீனியரை எழுப்பியிருக்க வேண்டும், அது அவன் தப்பு. பொய் சொன்னது பெரியவர்கள் தப்பு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிது.

லா கூர்நெவ் நர்ஸ்:
நான் பாரிஸுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறேன். இங்கே மே, நவம்பர் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்டர்ன்கள், அதாவது பயிற்சி டாக்டர்கள் மாறுவார்கள். முதல் வாரம் மருந்து அலமாரி எங்கே இருக்கிறது என்பதுகூட நாங்கள்தான் காட்ட வேண்டும். ராத்திரி வார்டில் அவர்கள்தான் இருப்பார்கள். போன் போட்டால் சீனியர் வர வேண்டும். ஆனால் போன் போடக் கூச்சப்படும் பிள்ளைகள் உண்டு.

எனக்கு அந்தப் படத்தில் அப்தெல்தான் முக்கியம். அல்ஜீரியாவில் டாக்டர், இங்கே இன்டர்ன் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே படித்தவர்கள் தனித் தேர்வும் அனுமதியும் தாண்டும் வரை அப்படித்தான் ஓட்ட வேண்டும். படத்தில் புற்றுநோயோடு வார்டில் கிடக்கும் அம்மாவுக்கு 'மார்பின்' என்ற வலி மருந்து வேண்டும் என்று நிற்பது அவர்தான். வீண் சிகிச்சையை நிறுத்தலாம் என்று பிரான்ஸில் 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. வார்டில் அதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே! அப்தெலாக நடித்த ரெதா கதேபுக்கு பிரெஞ்சு சினிமாவின் சேசர் விருது கிடைத்தது, சரியான ஆளுக்குத்தான் போனது.

இயக்குநர் தோமா லில்தியும் டாக்டர். 2020-இல் கொரோனா வந்தபோது படப்பிடிப்பு நின்றதும் மருத்துவமனை வேலைக்குத் திரும்பினார். அவரே டாக்டர் என்பதால்தான் இந்தப் படத்தில் நர்ஸ்கள் சும்மா பின்னால் நடந்து போகும் ஆட்களாக இல்லை.

தஞ்சாவூர்க்காரி:
தம்பி, உங்கள் பதிலை மகளிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கும் போன மாதம் ஒரு ராத்திரி இப்படி ஆகியிருக்கிறது. இவள் சீனியரை எழுப்பியிருக்கிறாள், திட்டும் வாங்கியிருக்கிறாள். இன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள். நாளைக்கு மறுபடி நைட். பிளாஸ்கில் டீ போட்டுக் கொடுக்கிறேன், அந்த வார்டு நர்ஸ் அக்காவுக்கும் சேர்த்து.