வன்னிக் காட்டுத்தீ: மாவட்ட மட்டப் பயிற்சியையும் ஒருங்கிணைப்பையும் எப்படி ஒழுங்கு செய்வது?

நந்திக்கரை:
வணக்கம் உறவுகளே. மாவட்டச் செயலகத்தின் அனர்த்தப் பிரிவில் காட்டுத்தீப் பயிற்சியும் ஒருங்கிணைப்பும் என் பொறுப்பில் வந்திருக்கின்றன. வன அலுவலர்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தார், பிரதேச சபைத் தீயணைப்புப் பிரிவு, படையினர், கிராமத் தொண்டர்கள் என்று அறுபது பேர் வருவார்கள். மூன்று நாள் தந்திருக்கிறார்கள். சோளகக் காற்று தொடங்க முன்னம் முடிக்கவேணும். எதைக் கட்டாயம் சேர்க்க வேணும், எதை விடலாம்? தீ இடத்தில் யார் சொல்வதை யார் கேட்பது? கைவசம் உள்ள காசு குறைவு. முதலில் என்ன வாங்குவது?

பாலைமரத்தடி:
முதல் நாளே குழாயும் தண்ணீர் பவுசரும் காட்டத் தொடங்கினால் பயிற்சி வீணாகும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கக் காடுகளில் பவுசர் போகிற பாதை கொஞ்சத் தூரம்தான். அங்கே தீயை நிறுத்துவது மண்வெட்டியும் வாரியும் காட்டுக்கத்தியும். தண்ணீர் துணைக்குத்தான்.

முதல் நாள் தீயின் நடத்தையைப் படிப்பியுங்கள். காய்ந்த இலுக்குப் புல், தேக்குத் தோட்டத்துச் சருகு, பாலையும் வீரையும் நிற்கிற காடு, பனங்கூடல் ஆகிய நான்கிலும் தீ நான்கு விதமாக ஓடும். இலுக்கில் வேகம் பயங்கரம், ஆனால் கெதியாக எரிந்து முடியும். பாலையின் காய்ந்த அடிக்கட்டைக்குள் நாட்கணக்கில் கனன்றுகொண்டே கிடக்கும். பனையில் காவோலை (காய்ந்த ஓலை) தொங்கினால் தீ மேலே ஏறி, பொறி காற்றோடு பறந்து, தீ தாண்டாதபடி புல்லும் சருகும் நீக்கி நீங்கள் வெட்டிய கோட்டுக்கு அப்பால் விழும். அதனால் கூடல்களுக்குப் பக்கத்தில் கோட்டுக்கு வெளியே பார்த்தபடி நிற்க ஓர் ஆளை வையுங்கள். எல்லாரும் தீயையே பார்த்துக்கொண்டு நின்றால் முதுகுக்குப் பின்னால் பற்றியது தெரியாது.

கைக்கருவியோடு நேரே போய் அடிக்கலாமா என்பதைச் சுவாலையின் நீளம் சொல்லும். 1.2 மீற்றருக்குள் என்றால் ஓரத்தில் நின்று அடிக்கலாம். 2.4 மீற்றர் வரை இயந்திரமும் தண்ணீரும் வேணும். அதற்கு மேல் போனால் தலைப்பக்கம், அதாவது தீ முன்னேறும் முனைக்கு, ஒருவரும் போகக்கூடாது. காற்று வீசும் திசைக்கு முன்னால் தூரத்தில் வீதியிலோ வாய்க்காலிலோ கோடு பிடியுங்கள். இந்த மூன்று அளவும் ஒவ்வொருவர் வாயிலும் வரும் வரைக்கும் கேளுங்கள்.

இரண்டாம் நாள் முழுக்கக் கோடு வெட்டுதல். அகலம் புல்லின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. நடுவில் அரை மீற்றராவது வேர், சருகு எதுவுமில்லாமல் வெறும் மண் தெரியச் சுரண்டவேணும். கருவி பிடித்தவர்களுக்கு இடையில் 3 மீற்றர். வழமையாகப் பிழைக்கிற இடம் இதுதான்: சருகை வாரித் தீப்பக்கமே போட்டு விடுவார்கள். எரியாத சருகு வெளிப்பக்கம், எரிந்த கரியும் கொள்ளியும் உள்பக்கம்.

உடல் தகுதிக்கு அமெரிக்கக் காட்டுத்தீப் படையில் முன்னணிக் குழுவினர் 20 கிலோ சுமையோடு 4.8 கிலோமீற்றரை 45 நிமிடத்தில் நடக்கவேண்டும். நடுத்தர வேலைக்கு 11 கிலோ, 3.2 கிலோமீற்றர், 30 நிமிடம். எங்கள் தொண்டர்களுக்கு இரண்டாவது போதும். காலை ஆறு மணிக்கு வையுங்கள். மத்தியான வெயிலில் வைத்தால் பயிற்சியிலேயே ஆட்கள் விழுவார்கள்.

முறிகண்டியான்:
பாலைமரத்தடி சொன்னது எல்லாம் சரி. ஆனால் வன்னியில் அதற்கும் முன்னம் ஒரு வேலை இருக்கிறது. மிதிவெடி. அகற்றி முடியாத நிலங்கள், வெடிக்காத வெடிபொருட்கள் கிடக்கலாம் என்று சந்தேகிக்கிற காடுகள் எல்லாவற்றையும் கிளிநொச்சியிலுள்ள பிராந்திய கண்ணிவெடி செயற்பாட்டு அலுவலகத்தில் கேட்டு வரைபடத்தில் ஏற்றுங்கள். அந்த எல்லைக்குள் தீ போனால் ஆட்கள் உள்ளே போவதில்லை. காடு எரியட்டும். வெளியே வீதி, குளக்கட்டு, வாய்க்கால், மின்கம்பிக்காக வெட்டின வெளி என்று ஏற்கெனவே திறந்து கிடக்கிற இடத்தில் நின்று மறியுங்கள். சூட்டில் வெடிக்கும், சிதறல் தூரம் போகும்.

இரண்டு விசயத்தைப் பலர் யோசிப்பதில்லை. எச்சரிக்கைக் கட்டைகளும் நாடாவும் தீயில் எரிந்துவிடும். மறுநாள் அந்த இடம் வெறும் வெளியாகத் தெரியும், மாட்டுக்காரரும் விறகுக்காரரும் நடப்பார்கள். அதனால் எல்லைப் புள்ளிகளை ஜிபிஎஸ்ஸில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள், எரிந்த பிறகு திரும்பக் குறிக்கச் சொல்லுங்கள். மற்றது, அவசரத்தில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கொண்டுபோய்ப் புதிதாக பயர்பெல்ற் (தீத்தடுப்புப் பட்டி) வெட்டுவது. சோதிக்காத நிலத்தில் அதைச் செய்யவே கூடாது. இதில் யாருக்கும் விதிவிலக்குக் கொடுக்காதீர்கள்.

நந்திக்கரை:
மிக்க நன்றி அண்ணை. வரைபட வேலையை இன்றைக்கே தொடங்குகிறேன். கட்டளை யாரிடம் என்பதுதான் இன்னும் தெளிவில்லை. படையினருக்கு அவர்களின் அதிகாரி, வனத்துக்கு வேறு, சபைக்கு வேறு.

குளக்கட்டு:
நிலம் யாருடையதோ அவர் திணைக்களத்து ஆளே தீ இடத்துப் பொறுப்பாளர். ஒதுக்கக் காடு என்றால் வன அதிகாரி. சுண்டிக்குளம், மடுவீதி தேசியப் பூங்காக்கள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தார். குடிமனையும் காணி அனுமதிப்பத்திர நிலமும் என்றால் பிரதேச செயலாளர் குறிக்கிறவர். இதைத் தீ வந்த பிறகு கதைக்க ஏலாது. அரசாங்க அதிபர் (மாவட்டச் செயலாளர்) கூட்டும் கூட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பெயரும் மாற்று ஆளும் எழுதி, எல்லாத் திணைக்களமும் கையெழுத்திடவேணும். படை அதிகாரி தன் ஆட்களுக்குத் தானே கட்டளை கொடுப்பார். எந்தப் பக்கம் வேலை என்பதைப் பொறுப்பாளரிடம் கேட்டுக் கொடுப்பார்.

ஒருவருக்குக் கீழே ஐந்து பேர் நல்லது, ஏழுக்கு மேல் வேண்டாம். அறுபது பேர் வந்தால் பத்துப் பன்னிரண்டு குழு. அவற்றை இரண்டு மூன்று பிரிவாக்கிப் பிரிவுத் தலைவர் வையுங்கள். தானாக வந்து சேர்கிற ஊர்ச்சனத்தையும் பதிவில் எழுதிக் குழுவில் போடுங்கள். பதிவில்லாமல் உள்ளே போனவரைத் தேடத்தான் பிறகு உயிர் கொடுக்கவேண்டி வரும்.

ஒவ்வொரு குழுவும் வேலை தொடங்க முன்னம் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லவேணும். காவல் பார்ப்பவர் யார், தொடர்பு எப்படி, தப்பும் வழி இரண்டு எவை, பாதுகாப்பு இடம் எது. போல் கிளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்பாளர் 1991-இல் ஒழுங்குபடுத்திய முறை இது. இங்கே ஒரு திருத்தம்: தப்பும் வழியை யானைத் தடத்தில் வைக்காதீர்கள், தீக்கு வெருண்ட யானையும் அதால்தான் வரும். முல்லைத்தீவுக் கரையோரமென்றால் பின்னேரக் கடற்காற்றையும் கணக்கில் எடுங்கள். அது ஏறினால் அதுவரை அமைதியாக எரிந்த பக்கவாட்டே தலையாகத் திரும்பும்.

காட்டுக்குள் தொலைபேசி எடுபடாது. வோக்கிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை, விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். அனுமதி வரும்வரை விசில். நீளமாக ஒன்று ஊதினால் வேலையை நிறுத்தி நிமிர். விடாமல் ஊதினால் தப்பும் வழியால் வெளியேறு. படையினரும் ஊராரும் ஒரே பாசை கதைக்காத இடத்தில் இது இன்னும் உதவும். மூன்றாம் நாள் முழுவதும் இதையே பழக்குங்கள்.

பாலைமரத்தடி:
வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் வாரி, மண்வெட்டி, தோல் சப்பாத்து, தோல் கையுறை. உடுப்புப் பருத்தியாக இருக்கவேணும்; பொலியெஸ்ரர் உருகி உடம்பில் ஒட்டும். இறப்பர்ச் செருப்போடு வந்தவரைக் கோட்டுக்கு விடவேண்டாம். முதுகில் சுமக்கும் 16 லீட்டர் பூச்சிமருந்து விசிறும் தாங்கி எங்கும் கிடைக்கும், ஆனால் மருந்து அடித்த பழையது வேண்டாம், புதிதாக வாங்குங்கள். அதன் முனை பனிப்புகார் போல விசிறும், அது தீயைத் தொட முதலே ஆவியாகும். நேராகப் பாய்கிற முனையை மாற்றிப் போடவேணும். குடிதண்ணீர் கடும் வேலையில் ஆளுக்கு மணிக்கு ஒரு லீட்டர்.

தீ அடங்கிய பிறகுதான் ஆட்கள் களைத்து வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் பத்து மணிக்குக் காற்று எழும்ப அதே கட்டையிலிருந்து திரும்பப் பற்றும். ஓரத்திலிருந்து உள்ளே 30 மீற்றர் வரை புறங்கையால் சூடு பார்த்து, அடிக்கட்டையைக் கிண்டி, மண்ணும் தண்ணீரும் குழைத்து மூடவேணும். அதற்கென்று தனிக் குழுவை ஒதுக்குங்கள். முந்தின நாள் கோடு வெட்டினவர்களை அதற்குப் போடாதீர்கள். இரண்டு மணித்தியால வேலைக்கு ஒரு மணித்தியால ஓய்வு என்று கணக்கு வையுங்கள்.

முறிகண்டியான்:
இன்னுமொன்று. கருவிகளைக் கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) களஞ்சியத்தில் பூட்டாதீர்கள். துணுக்காய், பாண்டியன்குளம், ஒலுமடு என்று இடமிடமாகப் பிரித்து வையுங்கள். திறப்பு கிராம அலுவலரிடம் ஒன்று, வன அலுவலகத்தில் ஒன்று. காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைக்காரர் நெருப்பு வைக்க முன்னம் அறிவிக்க வேண்டிய இலக்கமும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-உம் களஞ்சியக் கதவிலேயே எழுதப்பட்டிருக்கட்டும்.