ஐ.சி.யூ. சிஸ்டர்களுக்கு மனநலக் கேள்வித்தாள்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் இன்சார்ஜாக இருக்கிறேன். போன வாரம் நைட் டியூட்டி முடிந்தும் ஒரு பெண் வீட்டுக்குப் போகாமல், உடை மாற்றும் அறையில் ஷூவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்கிறாள்.

எல்லோருக்கும் பி.எச்.கியூ-9 என்ற, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட கேள்வித்தாளைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சரி, பெயர் கேட்டால் உண்மையை எழுத மாட்டார்கள். பெயர் இல்லையென்றால், ஒன்பதாவது கேள்வியில் சாக வேண்டும் என்ற எண்ணம் வருவதாகக் குறித்தவளை எப்படித் தேடிப் பிடிப்பது? அதுதான் எனக்குப் பயம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ஐத் தாளிலேயே அச்சடிக்கிறேன், ஆனால் அது மட்டும் போதாது.

உங்கள் வார்டில் தாள்களை யார் வாங்கிப் பார்த்தார்கள்? அப்புறம், டியூட்டி ரோஸ்டரில் என்ன மாற்றினீர்கள்?