புரோபாக்ஸ் மூன்றாவது கியரில் நழுவுகிறது: வேறு கியர்பாக்ஸ் போடவா, நானே பிரிக்கவா?

பெகு தம்பி

அண்ணன்மார்களே, ஒரு முடிவுக்கு வர முடியாமல் எழுதுகிறேன். வண்டி 2006 டொயோட்டா புரோபாக்ஸ், 1500 இன்ஜின், நாலு கியர் ஆட்டோமேட்டிக். பெகுவிலிருந்து ரங்கூனுக்கு வாரத்தில் நாலு நாள் சரக்கு ஏற்றிப் போகிறேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு. ஐம்பது மைல் போக, ஐம்பது வர.

ஒரு மாதமாக இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர யோசிக்கிறது. நாலாவதிலும் பாரம் இருந்தால் அதே கதை. ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கியர் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தால் டிகாஷன் நிறம், கருகிய வாடை.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு கணக்கு சொன்னார்கள். ஜப்பானில் கழற்றி வந்த பழைய பாக்ஸ், இறக்கி ஏற்றும் கூலியோடு 30 லட்சம் கியாட். இருக்கிற பாக்ஸைப் பிரித்துச் செய்ய 22 லட்சம், "உள்ளே பார்த்த பிறகு கூடலாம்" என்ற வாலோடு. பிரேக், வாட்டர் பம்ப், ஆக்சில் பூட் எல்லாம் நான் வீட்டு வாசலிலேயே செய்தவன். புது பிளேட், சீல் எல்லாம் அடங்கிய கிட் மட்டும் வாங்கி நானே பிரித்தால் என்ன?

தாம்வே டாக்சி

பிரிக்காதே தம்பி. ஆக்சில் பூட் மாற்றியவன் ஆட்டோ பாக்ஸ் பிரிக்கலாம் என்றால், தலைவலி மாத்திரை விற்கிறவன் மண்டையைத் திறக்கலாம்.

போன வருஷம் எனக்கும் இதே பாக்ஸ் போனது. பழைய பாக்ஸ் வாங்கிப் போட்டேன். காலையில் விட்டேன், மறுநாள் சாயங்காலம் சவாரி ஏற்றினேன். அதே வாரம் என் கூட்டாளி "செய்தே ஓட்டுவேன்" என்று பிரிக்கக் கொடுத்தான். பதினேழு நாள். கிட் பாங்காக்கிலிருந்து வர வேண்டும் என்றார்கள், வந்ததில் ஒரு சீல் அளவு மாறியிருந்தது, மறுபடி சொல்லி அனுப்பினார்கள். பதினேழு நாளும் ஓனருக்கு நாள் காசு கட்டினான். 8 லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடக் கூட விட்டான். உன் கருவாடு பதினேழு நாள் காத்திருக்குமா?

பழைய ஸ்பேனர்

டாக்சி அண்ணன் சொல்வது நாள் கணக்கு. நான் பாக்ஸ் கணக்கு சொல்கிறேன். மலேசியாவில் ஆறு வருஷம் ஆட்டோ பாக்ஸ் மட்டும் செய்கிற பட்டறையில் இருந்தவன்.

தம்பி சொன்ன அடையாளத்தைப் பாருங்கள். இந்த பாக்ஸில் மூன்றையும் நாலையும் பிடிப்பது ஒரே கிளட்ச், டைரக்ட் கிளட்ச். ரிவர்ஸுக்குத் தனிக் கிளட்ச் இருக்கிறது. ஒன்றும் இரண்டும் ரிவர்ஸும் சரி, மூன்றும் நாலும் நழுவுகிறது என்றால் நோய் எங்கே என்று பாக்ஸே விரல் நீட்டிக் காட்டிவிட்டது. ஒரு டிரம், சில பிளேட், ஒரு பிஸ்டன், அதன் ரப்பர். பிளானட்டரி என்கிற பல்சக்கரக் கூட்டம், டிஃபரன்ஷியல் எல்லாம் நன்றாகவே இருக்கும். இதற்காக முழு பாக்ஸையும் வீசிவிட்டு, எத்தனை மைல் ஓடியது என்று எவனுக்கும் தெரியாத இன்னொரு பழசை 30 லட்சம் கொடுத்து வாங்குவது, ஓட்டை வாளிக்குப் பதில் இன்னொருவன் வீட்டு ஓட்டை வாளியை விலைக்கு வாங்குகிற மாதிரி.

செய்தால் இப்படிச் செய். புது பிளேட்டை உலர்ந்தபடி போடாதே, ஆயிலில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஊற வை. அடுக்கி, பூட்டுகிற சர்க்ளிப் வளையம் போட்ட பிறகு ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு இடைவெளி பார். அப்புறம் டிரம்மின் ஆயில் துளையில் காற்றடி. 'டப்' என்று பிஸ்டன் ஏறி, காற்றை எடுத்ததும் இறங்கினால் சரி. 'ஸ்ஸ்' என்றால் ரப்பர் கடித்துக்கொண்டது, மறுபடி பிரி. இதில் ராக்கெட் வித்தை எதுவும் இல்லை. சுத்தமான மேசை, பொறுமை, ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

மோல்மீன்காரன்

"அவ்வளவுதான்" என்று நானும் நினைத்தேன் ஐயா.

மூன்று வருஷத்துக்கு முன் என் கால்டினா கார். பிரித்தேன், பிளேட் மாற்றினேன், சீல் எல்லாம் மாற்றினேன், பார்ட்ஸ் ஒன்றுகூட மிச்சமில்லை. நானும் மச்சானும் பாக்ஸை ஜாக்கில் வைத்து ஏற்றினோம். இன்ஜினோடு சேர அரை அங்குலம் பாக்கி. கைக்கு வரவில்லை. "போல்ட் இழுத்துக்கொள்ளும்டா" என்றான் மச்சான். சுற்றிலும் போல்ட் போட்டு மாற்றி மாற்றி இறுக்கினேன். கடைசித் திருப்பில் 'டக்' என்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது என்று இருவரும் சிரித்தோம்.

ஸ்டார்ட் செய்தேன். டி போட்டால் நகரவில்லை, ஆர் போட்டாலும் இல்லை. இன்ஜின் சுற்றை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கொடுக்கிற டார்க் கன்வெர்ட்டர், பம்ப்புக்குள் முழுசாக இறங்கவே இல்லை, நான் போல்ட்டால் நசுக்கி ஆயில் பம்ப்பை உடைத்திருக்கிறேன். அந்த 'டக்' பம்ப் போன சத்தம். இரண்டு வாரம் உழைத்துச் செய்த பாக்ஸுக்குள் இரும்புத் தூள். கடைசியில் பழைய பாக்ஸ்தான் வாங்கினேன். கிட் காசும் போச்சு.

கன்வெர்ட்டரைச் சுற்றிச் சுற்றித் தள்ளினால் இரண்டு மூன்று முறை 'கடக்' என்று இறங்கும். ஒரு 'கடக்'கில் திருப்திப்பட்டவன் நான். இன்ஜினோடு சேர்கிற பாக்ஸின் வாய், அதாவது பெல் ஹவுசிங் மேல் ஒரு நேரான பட்டையை வைத்து, கன்வெர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வெர்னியரில் அளந்திருக்க வேண்டும். மேனுவலில் அந்த அளவு இருக்கிறது. படித்தேன், அளக்கவில்லை.

பழைய ஸ்பேனர்

மோல்மீன் தம்பி, உன் கதை பிரித்ததால் வந்ததில்லை. பழைய பாக்ஸை நீயே மாட்டியிருந்தாலும் அதே பம்ப் உடைந்திருக்கும்.

மோல்மீன்காரன்

உண்மைதான். ஆனால் பழைய பாக்ஸ் என்றால் கன்வெர்ட்டரைக் கழற்றாமலே மாட்டியிருப்பேன்.

சிரியம் அக்கா

இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறேன், ஸ்பேனர் பிடிக்க மாட்டேன், பில் பிடிப்பேன். இத்தனை பேர் பேசினீர்கள், தம்பி ஆயில் அளவு எப்படிப் பார்த்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டி சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, லிவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் பார்க்கில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் குறைவாக இருந்தாலே நழுவும். ஸ்கேனர் போட்டாயா? பாக்ஸின் அடித்தட்டு, அந்த ஆயில் பேனைக் கழற்றினாயா? பிரேக்கை அழுத்திப் பிடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கிற ஸ்டால் டெஸ்ட்? இதெல்லாம் முடியாமல் 30 லட்சமா 22 லட்சமா என்று பேசுவது, பெண் பார்க்காமலே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது.

இன்னொன்று, ஸ்பேனர் அண்ணனிடம். பிளேட் கருகியது சரி. ஏன் கருகியது? ரப்பர் இறுகிப்போயா, ஆயில் அழுத்தம் குறைந்தா? அழுத்தம் குறைந்து கருகியதாக இருந்தால், தம்பி புது பிளேட் போட்டு ஆறு மாதத்தில் அதையும் கருக்குவான். என் முதல் வேனில் அதுதான் நடந்தது. இரண்டு தடவை கூலி கொடுத்தேன்.

பழைய ஸ்பேனர்

நல்ல கேள்வி அக்கா. ஸ்டால் டெஸ்ட் மட்டும் இங்கே உதவாது, அது முதல் கியரில் நடக்கிற சோதனை. இவன் வியாதி மூன்றில். வீணாக பாக்ஸைச் சூடாக்க வேண்டாம். அழுத்தத்துக்கு சொலினாய்டை, ஆயில் வழியைத் திறந்து மூடுகிற மின்சார வால்வை, ஓம் மீட்டரில் பார்க்கலாம். டொயோட்டாவில் ஷிப்ட் சொலினாய்டு 11 முதல் 15 ஓம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது 5 ஓம் சொச்சம். சரியான வழி பாக்ஸில் கேஜ் மாட்டி அழுத்தம் அளப்பது. அந்தக் கேஜ் வீட்டில் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

தாம்வே டாக்சி

வீட்டில் கேஜ் இருக்காது. கன்வெர்ட்டரைக் கழுவ லேத்தில் வெட்டித் திறந்து மறுபடி வெல்ட் செய்ய வீட்டில் லேத் இருக்காது. காற்றடிக்க கம்ப்ரஸர் இருந்தாலும் கரண்ட் இருக்காது. மேசை சுத்தமாக இருக்க வேண்டும் என்றீர்கள், இது ஆடி மாதம், பெகுவில் மழை பக்கவாட்டில் அடிக்கிறது. எல்லாம் இருந்தால் நானும் பிரிப்பேன் அண்ணே.

பழைய ஸ்பேனர்

நீங்கள் சொல்கிற பழைய பாக்ஸ் மட்டும் என்ன அரண்மனையிலா இருந்தது? மழையில் வாய் திறந்து கிடந்ததை எத்தனை பார்த்திருக்கிறேன். தண்ணீர் போன பாக்ஸில் ஆயில் ஃபலூடா நிறத்தில் வரும். பிளேட்டின் பசை விட்டுப்போகும், இன்று ஓடும், மூன்று மாதத்தில் உரியும். ஜப்பானிலிருந்து வரும் வலது ஸ்டியரிங் வண்டி இறக்குமதிக்கு அனுமதி நின்று பல வருஷமாகிறது. பர்மாவில் 1970ல் ஓட்டுவதை ரோட்டின் வலப்பக்கம் மாற்றினார்கள், வண்டியை மாற்ற இப்போதுதான் ஞாபகம் வந்தது. இனி கிடைக்கிற பழைய பாக்ஸ் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் இன்னும் பழசு.

தாம்வே டாக்சி

கியர்பாக்ஸுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று தெரியாது அண்ணே.

பெகு தம்பி

அக்கா சொன்னபடி செய்தேன். சூட்டில் பார்த்தேன், ஆயில் அளவு சரி. ஸ்கேனரில் எரர் கோட் எதுவும் இல்லை, பாக்ஸில் கோளாறு என்றால் சிமிட்டுகிற ஓ.டி. ஆஃப் விளக்கும் சிமிட்டவில்லை. நேற்று பேனை இறக்கினேன். ஆயிலை வடித்ததில் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பேனுக்குள் இருக்கிற காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு. பேனின் அடியில் கறுப்புத் துகள், விரலில் தேய்த்தால் பென்சில் தூள் மாதிரி ஒட்டுகிறது. இரும்புச் சீவல் இல்லை. சொலினாய்டு எல்லாம் ஓம் கணக்குக்குள் இருக்கிறது. குச்சியில் டி-ஃபோர் என்று இருந்ததால் அதே ஆயில்தான் ஊற்றினேன். ஒரு நாள் கொஞ்சம் நன்றாக இருந்தது, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

சிரியம் அக்கா

காந்தத்துச் சேறு ஓடின பாக்ஸில் இருக்கிறதுதான். கறுப்புத் தூள் பிளேட். ஆக, உள்ளே போய்த்தான் ஆக வேண்டும், ஆயில் மாற்றித் தீராது. தம்பி, இப்போது கணக்கு கேட்கிறேன். வண்டி நின்றால் ஒரு நாளைக்கு உனக்கு எவ்வளவு நஷ்டம்? வேறு வண்டி வாடகைக்குக் கிடைக்குமா?

பெகு தம்பி

ஒரு நடைக்கு எல்லாச் செலவும் போக 1 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் நிற்கும் அக்கா. ஒரு வாரம் என்றால் சித்தப்பா வேன் தருவார். அதற்கு மேல் கேட்க வாய் வராது.

சிரியம் அக்கா

அப்போது உன்னிடம் இருப்பது ஒரு வாரம். கிட் பாங்காக்கிலிருந்து வருவதற்கே அது போதாது. பழைய பாக்ஸ் வாங்கு, ஆனால் கூலி கொடுக்காதே, நீயே இறக்கி ஏற்று. ஆக்சில் கழற்றத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை தெரியும். வாங்கும்போது விற்கிறவன் முன்னாலேயே பேனைக் கழற்றிப் பார். கழற்ற விடாதவனிடம் வாங்காதே.

பழைய ஸ்பேனர்

நான் என் கட்சியை விடவில்லை. ஆனால் ஒரு வாரம்தான் என்றால் சரி. பாக்ஸ் தகட்டில் உள்ள நம்பரை ஒப்பிடு, நாலு சக்கர டிரைவ் வண்டியுடையதைக் கட்டிவிடுவார்கள். மாட்டுவதற்கு முன் பம்ப் முன் சீல், இரண்டு ஆக்சில் சீல், ஃபில்டர் மாற்று. கீழே இருக்கும்போது கைவேலை, மேலே ஏறிய பிறகு தலைவேலை. கூலர் குழாயைக் கழுவாமல் விட்டால் உன் பழைய பாக்ஸின் கரித்தூள் ரேடியேட்டரிலிருந்து நேராகப் புது பாக்ஸுக்குள் போகும். பாக்ஸ் எழுபது கிலோவை நெருங்கும், ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே, ஸ்டாண்டு வை.

மோல்மீன்காரன்

சீல் மாற்ற கன்வெர்ட்டரைக் கழற்றத்தானே வேண்டும்? அள. தயவுசெய்து அள. போல்ட் இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் நிறுத்து.

பெகு தம்பி

எட்டு நாள் ஆனது, சித்தப்பா ஒரு நாள் பொறுத்துக்கொண்டார். முதல் கடைக்காரர் பேனைத் தொட விடவில்லை, இரண்டாவது கடையில் 23 லட்சத்துக்கு எடுத்தேன். ஆயில் சிவப்பு, வாடை இல்லை. ஏற்றும்போது மோல்மீன் அண்ணன் சொன்ன மாதிரியே அரை அங்குலத்தில் நின்றது. போல்ட்டை எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை. இறக்கி, கன்வெர்ட்டரைச் சுற்றித் தள்ளினேன், மூன்றாவது 'கடக்' அப்போதுதான் விழுந்தது. அளந்தேன். மறுபடி ஏற்றினால் கையாலேயே உட்கார்ந்தது. நேற்று முழு பாரத்தோடு ரங்கூன் போய் வந்தேன், மூன்று விழுகிறதே தெரியவில்லை.

பழைய பாக்ஸைத் திண்ணையில் வைத்து ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். டைரக்ட் கிளட்ச் பிளேட் வெறும் இரும்பு. பிஸ்டன் ரப்பர் நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது.

பழைய ஸ்பேனர்

நான் சொன்னதுதானே உள்ளே இருந்தது.

தாம்வே டாக்சி

உள்ளே இருந்தது நீங்கள் சொன்னது. ஓடுவது நான் சொன்ன பாக்ஸ்.

பழைய ஸ்பேனர்

தம்பி, அதை எடைக்குப் போடாதே. டிரம்மின் உள்பக்கம், பிஸ்டன் உரசும் இடத்தில் கோடு விழுந்திருக்கிறதா? வெளிச்சத்தில் வைத்து ஒரு போட்டோ போடு.